கைவினையும் கைமாறும்

(மூன்றாமாண்டு இளங்கலைப் பொருளியல் மாணவி ஒருவர்)

ஓய்வு நேரத்தில் கையால் ஒரு பொருளைச் செய்து மகிழ்வதும், செய்ததைப் பிறருக்குக் கொடுத்து மகிழ்வதும் நம் நாட்டில் புதியன அல்ல. மார்கழி மாதத்தில் விடியுமுன் எழுந்து வாசலில் கோலமிடும் பெண்ணுக்கு அதற்காகக் கூலி தருவார் எவருமிலர். பொழுது ஏற ஏறப் போவோர் வருவோர் காலடியில் அது கலைந்துவிடும் என்பதும் அவள் அறிந்ததே. ஆயினும் மறுநாளும் புள்ளி வைக்கிறாள். அடுத்த வீட்டுப் பெண் வந்து, 'இது எத்தனைப் புள்ளி?' என்று கேட்டால், தான் கற்றதை அவளுக்கும் சொல்லித் தருகிறாள். கைவினைப் பொழுதுபோக்கு என்பதன் இலக்கணம் முழுவதும் இந்த ஒரு காட்சியிலேயே அடங்கியிருக்கிறது எனலாம்.

இக்கட்டுரைக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள் பிளாஸ்டிக் வயர்க் கூடை. ஆரணிப் பட்டும் வந்தவாசிக் கோரைப்பாயும் பெயர்பெற்று விளங்கும் ஒரு மாவட்டத்தில், கல்லூரி மலரில் எழுத வயர்க் கூடைதானா கிடைத்தது என்று நண்பர்கள் நகைக்கக்கூடும். பட்டும் பாயும் பல குடும்பங்களின் பிழைப்பு. அவற்றை மாலைப்பொழுதில் விளையாட்டாகக் கற்றுக்கொள்ள இயலாது. தறி வேண்டும், இடம் வேண்டும், ஆண்டுக்கணக்கான பழக்கம் வேண்டும். வயர்க் கூடைக்கோ இரண்டு கைகளும் ஒரு கத்தரிக்கோலும் போதும்; அளவுகோல்கூட வேண்டியதில்லை, நம் முழங்கையே அளவுகோல். ஆதலால்தான் ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தமிழ்நாட்டுத் திண்ணைகளில் அது பின்னப்பட்டு வருகிறது. ஓலைப் பெட்டியும் மூங்கிற் கூடையும் இருந்த இடத்தில் அது வந்து அமர்ந்துகொண்டது. மருத்துவமனைக்குச் சோறு கொண்டு போவது, சந்தையிலிருந்து காய் வாங்கி வருவது, கோயிலுக்குத் தேங்காய் பழம் எடுத்துச் செல்வது எல்லாம் அதில்தான்.

நான் இதை எழுதுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. இந்தக் கூடையைப் பின்னி நான் ஒருவருக்குத் தீங்கு செய்துவிட்டேன். அறியாமல் செய்தது. ஆயினும் அதைப் பற்றி எண்ணப்போய்த்தான் இக்கட்டுரை உருவாயிற்று.

பின்னும் முறை

முதலில் வேலையின் தன்மையைச் சொல்லிவிடுகிறேன். கடையில் வயர் கட்டுக் கட்டாகக் கிடைக்கும். அதைப் பலரும் 'ரோல்' என்பர். கூடையின் அளவையே 'ஒரு ரோல் கூடை', 'இரண்டு ரோல் கூடை' என்று சொல்லுவது வழக்கம். வயரை முழம் போட்டுச் சம நீளமுள்ள துண்டுகளாக வெட்டிக்கொள்ள வேண்டும். வெட்டாமல் நீளமாக ஓடிவரும் வயருக்கு 'ஓட்டு வயர்' என்று பெயர். துண்டை இரண்டாக மடித்து ஓட்டு வயரோடு கோத்து இழுத்தால் சதுரமாக ஒரு முடிச்சு விழும். அடுத்த துண்டுக்கு அடுத்த முடிச்சு. இவ்வாறு ஒரு வரிசை முடிந்தால் அதுவே கூடையின் அடியில் நடுக்கோடு. அதன் இருபுறமும் வரிசைகள் சேர்த்து அடிப்பாகத்தை அகலமாக்கி, பின்னர் மூலைகளில் திருப்பி மேலே ஏற்ற வேண்டும். விளிம்பு வந்ததும் மீந்த நுனிகளை உட்புற முடிச்சுகளுக்குள் செருகி மறைக்க வேண்டும். கடைசியில் கைப்பிடி.

படிக்கும்போது எளிதாகத் தோன்றும். செய்யும்போது இரண்டு இடங்களில் இடறும். ஒன்று, இழுக்கும் இறுக்கம். காலையில் சினத்தோடு உட்கார்ந்தால் முடிச்சு சிறுத்துவிடும். இரவில் தூக்கக் கண்ணோடு உட்கார்ந்தால் பெருத்துவிடும். இரண்டும் ஒரே கூடையில் இருந்தால் அது ஒருபக்கம் சாயும். மற்றொன்று, மூலை. அங்கே ஒரு முடிச்சை விட்டுவிட்டால் பத்து வரிசை ஏறிய பிறகுதான் தெரியும். அதற்குள் திரும்பிப் போக மனம் வராது. என் முதற்கூடையில் இவ்விரண்டு குற்றங்களும் இருந்தன.

சாதா முடிச்சு கைவந்த பிறகு 'நெல்லிக்காய்' பழகலாம். முடிச்சுகள் சிறு சிறு நெல்லிக்காய்போல் உருண்டு நிற்கும். அதற்கும் மேலே 'சிவன் கண்'. கண் வடிவத்தில் கட்டங்கள் விழ, நடுவில் வேறு நிறம் தெரியும். அண்ணாமலையார் ஊரில் இந்தப் பெயருக்கு ஒரு தனி மதிப்பு இருப்பதில் வியப்பில்லை. கார்த்திகைத் தீபத்தை ஒட்டி எங்கள் தெருவில் கூடை கேட்போர் பலரும் சிவன் கண்தான் கேட்கிறார்கள்.

இதில் கிடைக்கும் இன்பம் எத்தகையது என்று நண்பர்கள் கேட்பதுண்டு. தேர்வுக்குப் படிக்கும்போது நாம் எவ்வளவு படித்தோம் என்பது கண்ணுக்குத் தெரிவதில்லை. கூடையில் ஒரு மணி நேரம் உழைத்தால் இரண்டு விரற்கடை உயர்ந்திருப்பது தெரியும். அதுவே பெரிய ஆறுதல். விரல்கள் வேலையில் இருக்க, வாய் பேச்சில் இருக்கலாம் என்பது இன்னொரு வசதி. எங்கள் தெருவின் செய்திகளெல்லாம் கூடையோடுதான் பின்னப்படுகின்றன.

ஒரு கணக்கு

எனக்கு இதைக் கற்றுத் தந்தவர் எங்கள் எதிர்வீட்டு அக்கா. கணவரை இழந்தவர், பள்ளியில் படிக்கும் இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். கூடை பின்னிக் கொடுப்பதே அவர் வருவாய். இரண்டாமாண்டு விடுமுறையில் அவர் வாசற்படியில் உட்கார்ந்து நான் வேடிக்கை பார்ப்பேன். ஒரு நாள் அவராகவே நான்கு துண்டு வயரை என் மடியில் போட்டு, 'சும்மா பார்க்கிறதுக்கு இதைப் போடு கண்ணு' என்றார். கற்றுத் தந்ததற்கு ஒரு பைசா வாங்கவில்லை. வாங்கலாம் என்று அவருக்குத் தோன்றியதாகவும் தெரியவில்லை.

சில மாதங்களில் எனக்குக் கை பழகிவிட்டது. வகுப்புத் தோழிகள் பார்த்தார்கள், புகழ்ந்தார்கள், கேட்டார்கள். வயருக்கு ஆகும் செலவு 180 ரூபாய். என் பொழுதுபோக்குக்குப் பணம் எதற்கு என்று எண்ணி, பேருந்துச் செலவுக்கு ஆகட்டும் என 20 ரூபாய் மட்டும் சேர்த்து 200 ரூபாய்க்குக் கொடுத்தேன். என்னைப் போன்ற தாராள மனத்தினர் உண்டா என்ற பெருமையும் உள்ளூர இருந்தது. தோழிகளின் தாயார்கள் கேட்டார்கள். அவர்களின் அண்டை வீட்டார் கேட்டார்கள். தீபத்துக்கு முந்தின மாதத்தில் மட்டும் ஒன்பது கூடைகள் கொடுத்தேன்.

அந்த மாதத்தில் அக்காவின் வாசல் வெறிச்சோடிக் கிடந்தது. நான் அதைக் கவனிக்கவில்லை. அடுத்த தெருப் பெண்மணி ஒருவர் அக்காவிடம் வந்து விலை கேட்டு, 400 ரூபாய் என்றதும், 'அந்தப் பொண்ணு இருநூறுக்குத் தருதே' என்று சொல்லிப் போனபோது நான் அருகிலேயே இருந்தேன். அக்கா என்னைக் கடிந்துகொள்ளவில்லை. சிறிது நேரம் கழித்து, 'ஒரு கூடைக்கு உனக்கு எவ்வளவு நேரம் ஆவுது கண்ணு?' என்று கேட்டார். நாலு சாயங்காலம், மூன்று மூன்று மணி நேரம் என்றேன். 'அப்போ உன் கைக்கு என்ன கூலி?'

மூன்றாண்டு பொருளியல் படிப்பவளிடம் கேட்கப்பட்ட கேள்வி அது. பன்னிரண்டு மணி நேரத்துக்கு 20 ரூபாய். மணிக்கு 1 ரூபாய் 67 காசு. அக்காவுக்குக் கூடைக்கு 6 மணி நேரம் ஆகும். வயர்ச் செலவு போக 220 ரூபாய் நிற்கும். மணிக்கு 36 ரூபாய் சொச்சம். அதற்கே ஒவ்வொருவரும் பேரம் பேசுவார்கள். என் 200 ரூபாய்க் கூடை வந்த பிறகு அந்தப் பேரத்துக்கு ஒரு புதிய படைக்கலம் கிடைத்துவிட்டது.

இங்கு நிகழ்ந்ததைப் பாடநூல் மொழியில் சொல்வது கடினமன்று. பிழைப்புக்காகச் செய்பவர் தம் உழைப்புக்கும் சேர்த்துத்தான் விலை வைக்க முடியும். பொழுதுபோக்காகச் செய்பவரோ தம் கூலியை மகிழ்ச்சியாக முன்னமே பெற்றுக்கொண்டவர். எனவே உழைப்பின் விலையைச் சுழி என்று வைத்தாலும் அவருக்கு நட்டமில்லை. அவருக்குச் சோறு போடுவது தந்தையின் சம்பளம். இந்த இருவரும் ஒரே சந்தையில், ஒரே பொருளுடன் நின்றால், எளியவர்தான் விலகிப் போக நேரும். நான் தாராளம் என்று எண்ணியது உண்மையில் என் தந்தையின் பணத்தால் அக்காவோடு போட்டியிட்டதேயாகும். வாங்கியவர்கள் பெற்ற 200 ரூபாய் ஆதாயத்தை நான் கொடுக்கவில்லை, அக்கா கொடுத்தார்.

அன்றோடு விற்பதை நிறுத்தினேன். ஆனால் பின்னுவதை நிறுத்த மனமில்லை. விற்காமல், வீணாக்காமல், பின்னியதை என்ன செய்வது? இக்கேள்வியோடு நம் கல்லூரி நூலகத்தில் சில நாள்கள் கழித்தேன். பொருளியல் அலமாரியில் தேடினேன். விடை இருந்தது வேறொரு அலமாரியில்.

மலைமேல் ஒரு கோல்

ரமண மகரிஷி (1879-1950) 1896ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள் திருவண்ணாமலைக்கு வந்து, பின் இவ்வூரைவிட்டு நீங்கவே இல்லை என்பது யாவரும் அறிந்தது. அவர் கைவேலையில் பெருவிருப்பம் கொண்டவர் என்பதைப் பலர் அறிந்திலர். தேங்காய்ச் சிரட்டையைத் தேய்த்து வழவழப்பாக்கிக் கிண்ணமும் கரண்டியும் செய்வார். வெற்றுத் தாள்களைச் சேர்த்துத் தைத்துக் குறிப்பேடு ஆக்குவார்; நூல்களுக்கு அட்டை கட்டுவார். இலை தைப்பதிலும் காய் நறுக்குவதிலும் மற்றவர்களோடு சேர்ந்துகொள்வார். மலையில் வாழ்ந்த நாள்களில் கிழிந்த துணியைத் தைக்க ஊசி இல்லாதபோது, முள்ளில் துளையிட்டு ஊசியாக்கி, அத்துணியிலிருந்தே நூலை உருவித் தைத்துக்கொண்டார் என்றும் செய்தி உண்டு.

சூரி நாகம்மா என்னும் அம்மையார் 1945 முதல் தம் தமையனாருக்குத் தெலுங்கில் எழுதிய கடிதங்களில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. வேலூர் ஊரீஸ் கல்லூரியில் தெலுங்குப் பண்டிதராக இருந்த ரங்காச்சாரி என்பவர், பயன் கருதாது வினை செய்வது எங்ஙனம் என்று ரமணரிடம் கேட்டார். விடை வரவில்லை. சற்று நேரத்தில் ரமணர் மலைமேல் உலாவப் புறப்பட, பண்டிதரும் சிலரும் உடன் சென்றனர். வழியில் முட்கள் நிறைந்த ஒரு கொம்பு கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். முட்களைச் சீவினார்; கணுக்களைச் சமமாக்கினார்; சொரசொரப்பான இலையால் முழுவதும் தேய்த்தார். ஏறத்தாழ 6 மணி நேரம் இவ்வேலை நடந்தது. முட்கொம்பு அழகிய கோலாயிற்று. அவர்கள் புறப்பட்டபோது ஆட்டிடையச் சிறுவன் ஒருவன், தன் கோலைத் தொலைத்துவிட்டு வருந்தி நின்றான். ரமணர் கோலை அவன் கையில் கொடுத்துவிட்டு நடந்தார். தம் வினாவுக்கு இதுவே விடை என்று பண்டிதர் உணர்ந்தார்.

இதற்கு ஆன்மிகப் பொருள் கூறுவோர் கூறட்டும். பொருளியல் மாணவியின் கண்ணுக்குப் பட்டவை வேறு. 6 மணி நேரம், அக்காவுக்கு ஒரு கூடைக்கு ஆகும் நேரம். மூலப்பொருள், வழியில் கிடந்தது. பெற்றவன், அப்பொழுதே அது தேவைப்பட்டவன். அந்தக் கொடையால் கோல் செய்து பிழைக்கும் எவனுடைய விற்பனையும் கெடவில்லை. இன்னொன்றும் உண்டு. கோல் செய்யத் தொடங்கியபோது இடையச் சிறுவன் அங்கே இல்லை. செய்யும்போது செய்வதிலேயே கருத்து. செய்து முடித்த பிறகு, கொடுக்கத் தகுந்தவர் யார் என்று பார்க்கும் கண். இவ்விரண்டும் வெவ்வேறு வேலைகள். நான் முதலாவதை மட்டும் கற்றிருந்தேன்.

நூலைக் கொடுத்தவர்கள்

இதே சிக்கல் ஒரு நாட்டு அளவில் எழுந்ததும் உண்டு. காந்தியடிகள் இராட்டையைப் பரப்பியபோது நூற்றவர்கள் இருவகையினர். வறட்சியால் வேலையற்றுப்போன கிராமத்துப் பெண்கள் கூலிக்கு நூற்றனர். வழக்கறிஞரும் ஆசிரியரும் மாணவரும் நாட்டுப்பணியாக நூற்றனர். பின்னவர்களின் நூற்பை அவர் வேள்வி என்றார். வேள்வியில் இட்டதற்கு விலை கேட்க முடியாதல்லவா? 1924 டிசம்பரில் அவர் தலைமையில் கூடிய பெல்காம் காங்கிரஸ், உறுப்பினர் ஒவ்வொருவரும் மாதம் 2,000 கஜம் நூல் கொடுக்க வேண்டும் என விதித்தது. நூலைக் கொடுக்க வேண்டும் என்பதே விதி. அதை விற்றுக் காசாக்கிக்கொள்ளும் பேச்சே அதில் இல்லை. அடுத்த ஆண்டே இவ்விதி தளர்த்தப்பட்டுவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். மாதம் 2,000 கஜம் நூற்பது பேச்சாளர்களுக்கு எளிதாக இருக்கவில்லை போலும்.

அதே 1925இல் அகில இந்திய நூற்போர் சங்கம் தொடங்கப்பெற்றது. தமிழகத்தில் இராஜாஜி திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தை நிறுவியதும் அவ்வாண்டிலேயே. அங்கே நூற்ற பெண்களுக்கு அது அன்றாட உணவு. பத்தாண்டு சென்றபின், 1935இல், நூற்பவருக்கு வயிறு நிறையும் அளவுக்குக் கூலி கொடுத்தே தீர வேண்டும் என்று காந்தியடிகள் வற்புறுத்தினார். கதரின் விலை ஏறும், விற்பனை குறையும் என்ற அச்சத்தை மீறிச் சங்கம் அதை ஏற்றது. தாமே நாள்தோறும் நூற்றவர்; தம் நூலுக்கு ஒரு காசும் பெறாதவர்; பிறர் நூலுக்கு நல்ல விலை கேட்டவர். எனக்கு வேண்டிய முன்மாதிரி இதில் கிடைத்தது.

இங்கிலாந்தில் வில்லியம் மாரிஸ் (1834-1896) மறுகோடியில் இடர்ப்பட்டார். இயந்திரப் பெருக்கத்தை வெறுத்துக் கைவினையின் மேன்மையைப் பேசிய அவர், செய்வோருக்குத் தக்க கூலி கொடுத்துச் செய்வித்த பொருள்களைச் செல்வர்கள் மட்டுமே வாங்க முடிந்தது. சமதர்மக் கொள்கையினரான அவருக்கு அது ஆறாத வருத்தமாயிருந்தது. கைவேலைக்குச் சரியான விலை வைத்தாலும் தொல்லை, வைக்காவிட்டாலும் தொல்லை. இம்முடிச்சை முற்றாக அவிழ்த்தவர் எவரையும் நான் இன்னும் படிக்கவில்லை. என் கைக்கெட்டிய நுனி, கூடையைக் கொடுக்கலாம், கற்றுத் தரலாம், பிழைப்பவரைவிடக் குறைந்த விலைக்கு மட்டும் விற்கக்கூடாது என்பதே.

புதன்கிழமை மாலைகள்

எங்கள் துறைப் பேராசிரியர் ஒருவரின் இசைவோடு, புதன்தோறும் கடைசி மணி அடித்த பிறகு புங்கமரத்தடியில் கூடை பின்னப் பழகலாம் என்று அறிவித்தோம். முதல் நாள் 11 பேர் வந்தனர். அவர்களில் இருவர் மாணவர். அவர்களைக் கேலி செய்ய வந்து நின்ற நான்கு பேரை நான் கணக்கில் சேர்க்கவில்லை; சேர்த்திருக்கலாம், அவர்களில் ஒருவர் மூன்றாம் வாரம் வயர் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

சிவன் கண் கற்றுத்தர என்னால் இயலவில்லை. அக்காவை அழைத்தோம். இம்முறை இலவசமாக வேண்டாம் என்று முன்பே முடிவு செய்து, 11 பேரும் ஆளுக்கு 50 ரூபாய் போட்டு 550 ரூபாய் கொடுத்தோம். 'காலேஜு பிள்ளைங்ககிட்ட காசா?' என்று தயங்கினார். இரண்டு கூடை பின்னி விற்றால்தான் 440 ரூபாய் நிற்கும் அக்கா, நாங்களும் கணக்குப் போடுவோம் என்றேன். சிரித்துவிட்டு வாங்கிக்கொண்டார். சிவன் கண்ணில் எந்த வயர் மேலே, எந்த வயர் கீழே என்று நாங்கள் குழம்பிப் போனதையும், மாணவர் ஒருவர் தம் விரலையும் சேர்த்துப் பின்னிக்கொண்டதையும் இங்கு விவரிக்கப் பக்கம் போதாது.

பின்னிய கூடைகளில் பாதி வீடுகளுக்குப் போயின. கல்லூரியில் பெருக்கித் துடைக்கும் அம்மாக்கள் மூவருக்கும் ஒவ்வொன்று கொடுத்தோம். நூலகத்துக்கு ஒன்று, அதில் இப்போது திரும்பி வந்த நூல்கள் இருக்கின்றன. விலைக்குக் கேட்பவர்களிடம் அக்காவின் வீட்டு அடையாளம் சொல்லி அனுப்புகிறோம். இலவசமாகக் கொடுத்தாலும் அக்காவின் விற்பனை குறையாதா என்று பேராசிரியர் கேட்டார். நல்ல கேள்வி. எங்கள் தெருவில் நடந்தது என்னவென்றால், சிறிய கூடையைப் பரிசாகப் பெற்றவர்கள் பெரிய கூடை கேட்டு அக்காவிடம் போனார்கள். 400 ரூபாய் என்றபோது முன்னளவு பேரம் பேசவுமில்லை. பின்னுவதைக் கண்ணால் பார்த்தவர்கள் அவர்கள்.

எங்களுள் ஒரு தோழி மட்டும் விற்கிறாள். அவள் தந்தைக்கு வேலை போய்விட்டது. தேர்வுக் கட்டணம் கட்ட வேண்டும். அவள் வைக்கும் விலை 400, அக்காவின் விலையேதான். பொழுதுபோக்கு என்று சேர்ந்துவிட்டு வியாபாரம் செய்யலாமா என்று சிலர் முணுமுணுத்தனர். எனக்கு அதில் குற்றம் தோன்றவில்லை. அவள் கைக்குக் கூலி வேண்டியிருக்கிறது; சரியான கூலியைக் கேட்கிறாள். சென்ற தீபத்தின்போது அக்காவே தம்மால் முடிக்க முடியாத நான்கு கூடைகளை அவளிடம் ஒப்படைத்தார்.

ஜவ்வாது மலையடிவாரத்து ஊரிலிருந்து வரும் முதலாமாண்டு மாணவர் ஒருவர் எங்களுக்கு இலை தைக்கக் கற்றுத் தந்தார். இலைகளை ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி வட்டமாக அடுக்கி, ஈர்க்குக் குச்சியால் குத்தித் தைக்க வேண்டும். குச்சி மேலே வந்து, இலையைக் கவ்வி, கீழே போய் ஒடிக்கப்பட வேண்டும், ஒடிப்பதில்தான் சூட்சுமம். 2019 ஜனவரி முதல் நாள் தொட்டு ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது. பிளாஸ்டிக் தாள் ஒட்டிய தட்டுகளும் அதில் அடங்கும். எனவே துறை விழாவுக்கு நாங்களே தைப்பது என்று துணிந்து 60 இலைகள் தைத்தோம். சோறும் பொரியலும் நன்றாக நின்றன. ரசம் ஊற்றியபோது ஒன்பது இலைகள் ஒழுகின. ஒழுகிய இலைகளில் ஒன்று எங்கள் துறைத்தலைவருக்குப் போய்ச் சேர்ந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் நாற்காலியைச் சற்றுப் பின்னே தள்ளிக்கொண்டு உண்டார்.

பிளாஸ்டிக்கைத் தடை செய்யும் நாளில் பிளாஸ்டிக் வயரில் கூடை பின்னலாமா என்ற வினாவும் எழுந்தது. வயரும் பிளாஸ்டிக்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் ஒரு கூடை கழுவக் கழுவப் பல ஆண்டு உழைக்கிறது. அத்தனை ஆண்டும் கடையில் பை கேட்க வேண்டியதில்லை. 2021 டிசம்பரில் அரசு 'மீண்டும் மஞ்சப்பை' என்ற இயக்கத்தைத் தொடங்கியபோது எங்கள் அம்மா சொன்னார், 'நான் எங்கே விட்டேன், மீண்டும் எடுக்க?' என்று. அவர் கையில் அன்றும் கூடைதான் இருந்தது.

இப்போது அவர் கையில் இருப்பது என் முதற்கூடை. சாய்ந்தே நிற்கும், சுவரோரம் வைத்தால்தான் விழாது. உழவர் சந்தைக்கு அதைத்தான் எடுத்துச் செல்கிறார். அண்மையில் பூசணிக்காயின் சுமை தாங்காமல் கைப்பிடி அறுந்துவிட்டது. நான் போட்ட கைப்பிடி அது. அக்காவிடம் கொண்டுபோனேன். கூடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

'மூலையில ஒரு முடிச்சு விட்டுட்டே கண்ணு. அப்பவே பார்த்தேன்.'

ஏன் அப்போது சொல்லவில்லை என்று கேட்டேன். சொல்லியிருந்தால் நான் பிரித்திருப்பேனாம். பிரித்திருந்தால் மறுபடி தொட்டிருக்க மாட்டேனாம். கைப்பிடி மாற்றக் கூலி 40 ரூபாய் என்றார். கொடுத்தேன்.